கேட்ச் விட்ட ஐயர்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் நாசரேத்துக்காரன். எங்க பக்கம் சர்ச் ஐயருங்க சாயங்காலம் பசங்களோட சேர்ந்து பேட் புடிக்கிறது சகஜம்தான், ஆனா போன வாரம் எங்க சர்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர், டேவிட் ஷெப்பர்ட்னு ஒரு பாதிரியார் இங்கிலாந்துக்கு டெஸ்ட் மேட்சே ஆடியிருக்கார்னு போட்டிருந்தார். நான் முதல்ல அம்பயர் ஷெப்பர்டைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். அதுக்கு கீழ அவர் கேட்ச் விட்ட ஜோக்கா வந்து குவிஞ்சுது. அப்புறம் ஒரு பெரியவர், அவர் தென்னாப்பிரிக்கா டீமுக்கு எதிரா போராடினவரும்கூடன்னு சொன்னார், உடனே என் ஃப்ரெண்ட் ஒருத்தன் "விளையாட்டுல அரசியலே கூடாது, அதுலயும் சாமி கும்பிடுறவங்களுக்கு அங்க என்ன வேலை"ன்னு ஆரம்பிச்சு ஒரே சண்டை. எனக்கு மூணு கேள்வி. அவர் நிஜமாவே நல்ல பேட்ஸ்மேனா? 22 டெஸ்டோட நிறுத்திட்டாரே, ஆண்டவர் குடுத்த திறமையை வீணாக்கின மாதிரி ஆகாதா? என் ஃப்ரெண்டுக்கு என்ன பதில் சொல்றது? இவரைத் தவிர வேற ஐயருங்க யாராவது ஆடியிருக்காங்களான்னும் முடிஞ்சா சொல்லுங்க.

செல்வின்

அன்புள்ள செல்வின்,

ஸ்கோர் 111 வந்தா காலைத் தூக்கிக்கிட்டு குதிப்பாரே, அந்த அம்பயர் ஷெப்பர்ட் வேற ஆள். நீங்க கேக்கிறவர் டேவிட் ஸ்டூவர்ட் ஷெப்பர்ட், 1929 மார்ச் 6ம் தேதி சர்ரேல ரைகேட்ங்கற ஊர்ல பொறந்தவர். அப்பா வக்கீல், இவர் சின்னப் பையனா இருக்கும்போதே தவறிட்டார். ஷெர்போர்ன் ஸ்கூல், ராணுவ சேவை, அப்புறம் கேம்பிரிட்ஜ்னு அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பையனோட பாதைதான்.

நல்ல பேட்ஸ்மேனான்னு கேட்டிருக்கீங்க. ரொம்ப நல்ல பேட்ஸ்மேன். 1950ல வெஸ்ட் இண்டீஸ் டீம் இங்கிலாந்து வந்தப்போ கேம்பிரிட்ஜ் பசங்களோட ஒரு மேட்ச் ஆடினாங்க, அதுல ஷெப்பர்டும் ஜான் டியூஸும் ஓப்பனிங்ல 343 ரன் சேர்த்தாங்க, காலேஜ் பசங்க ரெண்டு பேர் ஒரு டெஸ்ட் டீமை அப்படி அடிச்சிருக்காங்க. அதே வருஷம் ஓவல்ல டெஸ்ட் அறிமுகம். 1952ல நம்ம இந்திய அணி ஹசாரே தலைமையில போனப்போ அதே ஓவல்ல ஷெப்பர்ட் 119 அடிச்சார், இங்கிலாந்து கேப்டன் லென் ஹட்டனோட சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 143, அதுதான் அவரோட முதல் டெஸ்ட் சதம், கடைசி வரைக்கும் அதுவேதான் அவரோட அதிகபட்ச ஸ்கோரும். அந்த சீசன்ல இங்கிலாந்து முழுக்க பேட்டிங் சராசரில முதல் இடம் அவருக்குத்தான். அடுத்த வருஷம் விஸ்டன்ங்கற கிரிக்கெட் ஆண்டுப் புத்தகம் தேர்ந்தெடுத்த சிறந்த ஆட்டக்காரங்க அஞ்சு பேர்ல இவரும் ஒருத்தர், அதே அஞ்சு பேர்ல வேகப்பந்து வீச்சாளர் ஃப்ரெட் ட்ரூமனும் இருந்தார். உங்க குரூப்ல ஓடுற ஜோக்குக்கு சொந்தக்காரர் அந்த ட்ரூமன்தான், அதுக்கு அப்புறம் வரேன்.

1953ல 24 வயசுல சசெக்ஸ்ங்கற கவுன்டி (மாவட்ட) டீமுக்கு கேப்டன் ஆனார், அந்த வருஷம் சசெக்ஸ் கவுன்டி சாம்பியன்ஷிப்ல ரெண்டாவது இடம். 1954ல ஹட்டனுக்கு உடம்பு சரியில்லாமப் போகவும் பாகிஸ்தானுக்கு எதிரா ரெண்டு டெஸ்டுக்கு இங்கிலாந்து கேப்டன். அப்போ ஒரு பெரிய பேச்சு எழுந்துச்சு, ஆஸ்திரேலியா டூருக்கு ஹட்டனை விட்டுட்டு இவரையே கேப்டனா அனுப்பலாம்னு. அதுல இவரோட ஆட்டத்தைத் தாண்டி வேற ஒரு சங்கதி இருந்துச்சு, அது புரிஞ்சாதான் ஷெப்பர்டோட மிச்ச வாழ்க்கையும் புரியும், அதனால கொஞ்சம் விலகிப் போய் சொல்றேன்.

அந்தக் காலத்துல இங்கிலாந்து கிரிக்கெட்ல ரெண்டு ஜாதி. கூலி வாங்கி ஆடுறவங்க ப்ரொஃபஷனல், அவங்களை ப்ளேயர்ஸ்னு சொல்வாங்க. சம்பளம் வாங்காம, செலவுக்கு மட்டும் வாங்கிட்டு ஆடுறவங்க அமெச்சூர், அவங்கதான் ஜென்டில்மென். ஒரே டீம்ல ஆடினாலும் பல மைதானங்கள்ல டிரெஸ்ஸிங் ரூம் தனி, உள்ள வர்ற கேட் தனி. ஸ்கோர் கார்டுல அமெச்சூருக்கு இனிஷியல் பேருக்கு முன்னாடி வரும், ப்ரொஃபஷனலுக்கு பேருக்குப் பின்னாடி. 1950ல லார்ட்ஸ் மைதானத்துல ஃப்ரெட் டிட்மஸ்னு ஒரு பதினேழு வயசுப் பையன் ஆட வந்தப்போ கார்டுல அவர் இனிஷியல் தப்பா முன்னாடி அச்சாகிடுச்சு, உடனே ஒலிபெருக்கில அதைத் திருத்தி வாசிச்சாங்க, அவ்வளவு பேர் கேக்க. அவமானப்படுத்தறோம்ங்கற நினைப்புகூட அவங்களுக்கு இருந்திருக்காது, அவ்வளவு பழகிப்போயிருந்துச்சு. இங்கிலாந்து கேப்டன் பதவி எப்பவும் ஜென்டில்மேனுக்குத்தான்னு இருந்த இடத்துல 1952ல தான் ஹட்டனை, கூலி வாங்கி ஆடுற ஒருத்தரை, நியமிச்சாங்க, அது நிறைய பேருக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கேம்பிரிட்ஜ்ல படிச்ச, நல்லா பேசுற, அமெச்சூர் ஷெப்பர்ட் கிடைச்சதும் அவங்களுக்கு ஆசை வந்துடுச்சு. ஷெப்பர்ட் அப்போ குருவானவருக்குப் படிச்சுக்கிட்டு இருந்தார், கூப்பிட்டா படிப்பை நிறுத்தி வச்சுட்டு வரேன்னும் சொல்லியிருந்தார். கடைசில ஹட்டனையே அனுப்பினாங்க, அவர் ஆஷஸை, அதாவது இங்கிலாந்து - ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடரை, 3-1னு ஜெயிச்சுட்டு வந்தார், நல்லதாப் போச்சு.

ஊழியத்துக்கு வந்த கதை சின்னதுதான். 1949ல கேம்பிரிட்ஜ்ல ஒரு அமெரிக்க பிரசங்கியாரோட கூட்டத்துக்குப் போனார், அன்னிக்கே மனசு மாறிட்டார். படிப்பை முடிச்சு ரிட்லி ஹால்ல இறையியல் படிச்சு 1955ல குருப்பட்டம் வாங்கி லண்டன்ல இஸ்லிங்டன் செயின்ட் மேரிஸ் சர்ச்சுக்கு உதவி குருவா போயிட்டார். வயசு 26. பேட்ஸ்மேன் நின்னு விளையாட ஆரம்பிக்கிற வயசு அது.

அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1956 ஆஷஸ்ல செலக்டருங்க, ஆட்டத்தை விட்டு விலகியிருந்த ஆளுங்களையும் வயசானவங்களையும் ஒவ்வொருத்தரா திருப்பிக் கூப்பிட்டாங்க. லீட்ஸ்ல சிரில் வாஷ்புரூக் வந்து 98 அடிச்சார். ஓல்ட் டிராஃபோர்டுக்கு சர்ச் வேலைக்கு நடுவுல அந்த சீசன்ல ரொம்பக் கொஞ்சமே ஆடியிருந்த ஷெப்பர்டைக் கூப்பிட்டாங்க, அவர் 113 அடிச்சார். ஓவல்ல டெனிஸ் காம்ப்டன் வந்து 94. அந்த ஓல்ட் டிராஃபோர்டு மேட்ச் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்ததால, அதனால ஷெப்பர்டோட சதத்தை யாரும் பேசறதில்ல. ஆனா குருப்பட்டம் வாங்கின ஒருத்தர் டெஸ்ட் கிரிக்கெட் ஆடினது அதுதான் முதல் தடவை. ஞாயித்துக்கிழமை பிரச்சனை வரலையான்னு சில பேர் கேப்பாங்க. அப்போல்லாம் ஞாயித்துக்கிழமை டெஸ்டுக்கு ஓய்வு நாள், கவுன்டி மேட்சும் கிடையாது, சண்டே லீக் வந்ததே 1969ல தான்.

1957ல கிரேஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, லண்டன் கிழக்குப் பக்கம் கேனிங் டவுன்ல மேஃப்ளவர் ஃபேமிலி சென்டருக்குப் பொறுப்பாளரா போனார். கேனிங் டவுன்னா துறைமுகத் தொழிலாளிங்க ஏரியா, சர்ச் பக்கமே வராத ஜனங்க, குண்டு போட்டு இடிஞ்ச தெருவுங்க, நெருக்கடியான வீடுங்க. கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் பேசுறவர் அங்க போய் ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணிட்டு வரல, அங்கயே குடியிருந்து 1969 வரைக்கும் இருந்தார். அந்தத் தெருவுல பொறந்த ஒரு பையன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அவனுக்கு எந்தக் கதவெல்லாம் திறக்காதுன்னு அவர் பக்கத்துல இருந்து பார்த்தது அங்கதான்னு எனக்குத் தோணுது, பின்னால அவர் எடுத்த முடிவு எல்லாத்துலயும் அந்த கேனிங் டவுன் தெரியுது.

இப்போ கேட்ச் கதை. 1962ல லீவ் எடுத்துக்கிட்டு திரும்ப ஆட வந்தார், ஆஸ்திரேலியா டூருக்கு கேப்டன் யாருங்கறதுல டெக்ஸ்டர், கவுட்ரியோட இவர் பேரும் அடிபட்டுச்சு. ஜூலைல லார்ட்ஸ்ல நடந்த ஜென்டில்மென் - ப்ளேயர்ஸ் மேட்ச்ல 112 அடிச்சார். 1806ல ஆரம்பிச்ச அந்த மேட்ச் வரிசைல லார்ட்ஸ்ல நடந்தது அதுதான் கடைசி, ஏன்னா அந்த வருஷம் நவம்பர்ல, இவங்கல்லாம் ஆஸ்திரேலியால இருக்கும்போதே, அமெச்சூர் - ப்ரொஃபஷனல் பிரிவையே இங்கிலாந்துல எடுத்துட்டாங்க. கேப்டன் பதவி டெக்ஸ்டருக்குப் போச்சு, ஷெப்பர்ட் சாதாரண ஆட்டக்காரரா போனார். ஞாயித்துக்கிழமைகள்ல அங்கங்க பெரிய சர்ச்சுகள்ல பிரசங்கம் பண்ணார், கூட்டம் நிரம்பி வழிஞ்சுது.

மெல்போர்ன் டெஸ்ட்ல முதல் இன்னிங்ஸ்ல 0. ஃபீல்டிங்ல கேட்சும் விட்டார். சின்ன வயசுல நல்ல ஃபீல்டர் அவர், ஆனா வருஷக்கணக்கா கையில பந்தே படாம இருந்தவர் கை அப்படித்தான் இருக்கும். "ஞாயித்துக்கிழமைன்னு நினைச்சுக்கிட்டு கை ரெண்டையும் சேர்த்து வைங்க ரெவரெண்ட்"ங்கற மாதிரி ட்ரூமன் சொன்னதா அப்புறம் உலகமே சொல்லிச் சிரிச்சுது. அதே டெஸ்ட்ல ரெண்டாவது இன்னிங்ஸ்ல நடந்ததை ஜோக் சொல்ற யாரும் சொல்றதில்ல. ஜெயிக்க 234 வேணும், ஷெப்பர்ட் ஓப்பனிங் இறங்கி 113 அடிச்சு, வெற்றி ரன்னுக்கு ஓடும்போது ரன் அவுட் ஆனார். இங்கிலாந்து 7 விக்கெட்ல ஜெயிச்சுது. முதல் இன்னிங்ஸ்ல டக், கேட்ச் வேற விட்டாச்சு, மைதானம் முழுக்க சிரிக்குது, அதுக்கப்புறம் நாலாவது இன்னிங்ஸ்ல நின்னு சதம் அடிச்சு ஜெயிச்சுக் குடுக்கறதுக்கு எவ்வளவு மனசு வேணும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அடுத்த தடவை குரூப்ல அந்த ஜோக் வந்தா கீழ இதையும் போடுங்க. அந்த டூரோட டெஸ்ட் ஆட்டம் முடிஞ்சுது. 22 டெஸ்ட், 1172 ரன், சராசரி 37.80, மூணு சதம். முதல்தர கிரிக்கெட்ல மொத்தம் 45 சதம்.

இப்போ உங்க ஃப்ரெண்ட் சொன்னதுக்கு வரேன், இதைத்தான் நான் முக்கியமா சொல்லணும்னு நினைக்கிறேன்.

1960ல தென்னாப்பிரிக்கா டீம் இங்கிலாந்து வந்துச்சு. வெள்ளைக்காரங்களை மட்டும் வச்சு எடுத்த டீம், அவங்க நாட்டு நிறவெறிக் கொள்கைப்படி கறுப்பு ஆட்களுக்கு அதுல இடம் கிடையாது. அந்த டீமுக்கு எதிரா நான் ஆட மாட்டேன்னு ஷெப்பர்ட் வெளிப்படையா சொன்னார். அவர் அப்படி சொன்னது எந்தக் காலத்துலன்னு பாக்கணும், அதைப் பத்தி பேசினாலே மரியாதை கெட்ட விஷயம்னு லார்ட்ஸ்ல இருந்த கிரிக்கெட் நிர்வாகிங்க நினைச்ச காலம். இதுல இன்னொண்ணும் இருக்கு. கூலிக்கு ஆடுற ஒருத்தர் அப்படி சொல்லியிருந்தா அவர் வீட்டுல அடுப்பு எரியறது கஷ்டம், கவுன்டி ஒப்பந்தமே போயிருக்கலாம். ஷெப்பர்டுக்கு கிரிக்கெட் சோறு போடல. அந்த அமெச்சூர் ஏற்பாடே அநியாயமானது, டிட்மஸ் பேரை மைக்ல திருத்தினது அந்த ஏற்பாடுதான், ஆனா அதுல தனக்குக் கிடைச்ச சுதந்திரத்தை இந்த மனுஷன் என்னத்துக்கு செலவு பண்ணார்னு பாருங்க. தன்னை மாதிரி முடியாதுன்னு சொல்ல வசதி இருந்த மத்த ஜென்டில்மென் எத்தனையோ பேர் வாயைத் திறக்கவே இல்ல.

1968 கதை உங்களுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். பாசில் டி ஒலிவேரா கேப் டவுன்ல பொறந்தவர், வெள்ளையர் இல்லங்கறதால சொந்த நாட்டுக்கு ஆட முடியாம 1960ல இங்கிலாந்துக்கு வந்து, கடைசில இங்கிலாந்துக்கே ஆடினவர். அந்த ஆகஸ்ட்ல ஓவல்ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 158 அடிச்சார், அடுத்து தென்னாப்பிரிக்கா டூர், டீம் அறிவிச்சா இவர் பேர் இல்ல. ஊரே கொதிச்சுது. அப்புறம் டாம் கார்ட்ரைட் காயத்தால விலக, டி ஒலிவேராவை சேர்த்தாங்க, உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அந்த டீம் எங்க நாட்டுக்கு வேண்டாம்னுட்டார், டூரே ரத்து. அப்போ இங்கிலாந்து டீமை டூருக்கு அனுப்பினது எம்சிசிங்கற கிளப், அதோட உறுப்பினர்கள்ல சில பேர் சேர்ந்து டிசம்பர்ல சிறப்புக் கூட்டம் கூட்ட வச்சாங்க, வெஸ்ட்மின்ஸ்டர்ல சர்ச் ஹவுஸ்ல. கமிட்டி இதைக் கையாண்ட விதம் சரியில்ல, நிறம் பாக்காத கிரிக்கெட்டை நோக்கி தென்னாப்பிரிக்கா நகர்ற வரைக்கும் அவங்களோட டூர் வேண்டாம்னு தீர்மானம் கொண்டு வந்தவர் ஷெப்பர்ட். வழிமொழிஞ்சவர் 26 வயசு மைக் பிரியர்லி, பிற்காலத்துல இங்கிலாந்து கேப்டன் ஆனாரே அவர்தான். ஓட்டுல நல்லா தோத்தாங்க. கேம்பிரிட்ஜ்ல இருந்து கூட ஆடின பழைய சிநேகிதர் பீட்டர் மே எதிர்ப்பக்கம், அந்த நட்பும் இதுல முறிஞ்சுது. 1970ல தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வர இருந்தப்போ தெருவுல இறங்கிப் போராடின இளைஞர் கூட்டம் ஒரு பக்கம், சட்டத்துக்கு உட்பட்டு அமைதியா எதிர்க்கணும்னு ஷெப்பர்ட் தலைமையில ஃபேர் கிரிக்கெட் கேம்பெயின்னு இன்னொரு பக்கம். கடைசில அரசாங்கம் கேட்டுக்கிட்டதால டூர் ரத்தாச்சு. அதுக்கப்புறம் தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டுக்கு எப்போ திரும்ப வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், 1991 நவம்பர்ல கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ்ல, நம்மளோட.

உங்க ஃப்ரெண்டை ஒண்ணு கேளுங்க. தோல் நிறத்தைப் பார்த்து டீம் எடுக்கிறாங்களே, அது அரசியல் இல்லையா? அரசியல் ஏற்கனவே ஆடுகளத்துக்குள்ள நின்னு டீம் லிஸ்ட் எழுதிக்கிட்டு இருக்கும்போது, அதை எதிர்த்து பேசுறவனைப் பார்த்து மட்டும் ஏன் அரசியலைக் கொண்டு வராதேன்னு சொல்லணும்? சாமி கும்பிடுறவருக்கு என்ன வேலைன்னு கேட்டாராம். மனுஷனை ஆண்டவர் தன் சாயலா படைச்சார்னு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணிட்டு, சனிக்கிழமை அந்த டீமோட போய் டாஸ் போட முடியாதுன்னு அவர் நினைச்சார், எனக்கு அதுல ஒரு தப்பும் தெரியல.

திறமையை வீணாக்கினாரான்னு கேட்டீங்களே, அதுக்கு பதில் லிவர்பூல்ல இருக்கு. 1969ல வுல்லிச் பிஷப், 1975ல லிவர்பூல் பிஷப். துறைமுக வேலை போய், ஃபாக்டரிங்க மூடி, ஊரே நொடிஞ்சு கிடந்த நேரம். அதோட ப்ராட்டஸ்டன்ட் - கத்தோலிக்கப் பகை தலைமுறை தலைமுறையா ஓடின ஊர். 1976ல டெரெக் வர்லாக் கத்தோலிக்க ஆர்ச்பிஷப்பா வந்தார், அதுக்கப்புறம் இருபது வருஷம் ரெண்டு பேரும் எங்க போனாலும் ஒண்ணாத்தான் போனாங்க, வேலை கேட்டு அரசாங்கத்துக்கிட்டயும் ஒண்ணா, 1981ல அந்த ஊர் டாக்ஸ்டெத் பகுதில கலவரம் நடந்த இடத்துலயும் ஒண்ணா. லிவர்பூல் ஜனங்க அவங்களுக்கு ஃபிஷ் அண்ட் சிப்ஸ்னே பேர் வச்சுட்டாங்க, எப்பவும் சேர்ந்தே இருக்கும், எப்பவும் பேப்பர்லயே இருக்கும்னு (அந்தத் தீனியை அங்க நியூஸ் பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாங்க). 1989 ஏப்ரல்ல ஹில்ஸ்பரோ மைதானத்துல கூட்ட நெரிசல்ல லிவர்பூல் ரசிகர்கள் செத்தாங்க, மொத்தம் 97 பேர், அந்த ஊர் துக்கத்துல கிடந்தப்போ எந்த சர்ச் உன்னுதுன்னு யாரும் யாரையும் கேக்கல. ஐம்பது வருஷம் முன்னாடி அந்த ஊர்ல அப்படி நடந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். ரெண்டு சர்ச் கதீட்ரலையும் இணைக்கிற ஹோப் ஸ்ட்ரீட்ல இப்போ ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நினைவுச்சின்னம் இருக்கு, ஊர் ஜனங்க காசு போட்டு வச்சது.

1985ல இங்கிலாந்து நகரங்களோட வறுமை பத்தி சர்ச் ஒரு பெரிய அறிக்கை விட்டுச்சு, அந்தக் குழுவுக்கு இவர் துணைத்தலைவர். தாட்சர் அரசாங்கத்துல இருந்தவங்க அதை மார்க்சியம்னு திட்டினாங்க. இவர் பின்வாங்கல. இன்னும் ஒரு அறுபது டெஸ்ட் ஆடியிருந்தா சராசரி 40ஐ தாண்டியிருக்கும், கேப்டனாவும் பேர் வாங்கியிருப்பார், எனக்கும் அதைப் பாக்கற ஆசை உண்டு, ஆனா வீணாச்சுங்கற வார்த்தையை நான் ஒத்துக்கவே மாட்டேன். 1997ல ஓய்வு, 1998ல பிரபுக்கள் சபை, அப்புறம் கொஞ்ச காலம் சசெக்ஸ் கிளப்புக்குத் தலைவர். 1953ல இவர் கைக்கு எட்டாமப் போன அந்த சாம்பியன்ஷிப்பை சசெக்ஸ் முதல் முதலா ஜெயிச்சது 2003ல, அதைப் பார்த்துட்டார். 2005 மார்ச் 5ம் தேதி, 76வது பிறந்தநாளுக்கு முதல் நாள், தவறினார்.

வேற ஐயருங்க நிறைய பேர் இருக்காங்க செல்வின். டாம் கில்லிக் 1929ல ரெண்டு டெஸ்ட் ஆடிட்டு பிற்பாடு குருப்பட்டம் வாங்கினவர், 1953ல ரெண்டு திருமண்டலத்து ஐயருங்களுக்குள்ள நடந்த மேட்ச்ல ஆடிக்கிட்டு இருக்கும்போதே இறந்துட்டார். எஸ்ஸெக்ஸுக்கு ஆடின ஃப்ராங்க் கில்லிங்ஹாம் 1927ல பிபிசி ரேடியோல முதல் கிரிக்கெட் வர்ணனை பண்ணவர். அதுக்கும் ரொம்ப முன்னால லார்ட் ஃப்ரெடரிக் பியூக்ளார்க்னு ஒருத்தர், சர்ச் ஐயரா இருந்துக்கிட்டே மேட்ச்ல பெட் கட்டி சம்பாதிச்சவர், எனக்கு அவர் மேல ஒரு மரியாதையும் இல்ல. கில்லிங்ஹாம் பத்தி தனியா ஒரு பதிவு எழுதற அளவுக்கு விஷயம் இருக்கு, அடுத்த மாசம் எழுதறேன். உங்க ஃப்ரெண்ட் என்ன சொன்னார்னு எழுதுங்க.

அன்புடன்.